வெட்டாமல் விட்ட ராணி

நந்தினி டீச்சர் போன மாதம் ராசிபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் வேலை பார்த்த விடுதிப் பள்ளியில் இப்போது செஸ் வகுப்பை அவர்தான் நடத்துகிறார். காப்பியைக் குடித்து முடித்து, கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"பாவாயிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு புள்ளைகளும் கையக் குடுத்துட்டு, 'திருப்பித் தர மாட்டேன், திருப்பி வாங்க மாட்டேன்'னு சொல்லணும்னு ஒரு பழக்கம் வெச்சிருக்கீங்களே. வெளியூர்ப் போட்டியில நம்ம புள்ளைங்க அதைச் சொன்னா மத்ததுங்க சிரிக்குது. ஒரு அப்பா எங்கிட்டயே கேட்டுட்டாரு, இது என்னங்க மந்திரி பதவி ஏத்துக்கற மாதிரின்னு. அதை எடுத்துடலாமுங்களா?"

"எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. ஏன் வந்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க."

"சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"வாயில சொன்னா பாதி உட்டுப் போயிரும். எழுதித் தாரேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் மூன்றாவதோடு நின்றவள். பேருந்துப் பலகையும் மருந்துச் சீட்டில் என் பெயரும் படிப்பேன். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும், ஆனால் எனக்கு இப்போது வேறு என்ன வேலை இருக்கிறது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வடக்கே போன என் வீட்டுக்காரர் திரும்பி வராமல் போன பிறகு, நாமக்கல் பக்கம் இருந்த அந்தப் பள்ளியின் பெண்கள் விடுதியில் ஆயாவாகச் சேர்ந்தேன். தலைவாரி விடுவது, காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கஞ்சி கொண்டுபோவது, பேன் பார்ப்பது எல்லாம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தைக் கூட்டி, பாய் விரித்து, செஸ் பலகைகளை அடுக்கி வைப்பதும் என் வேலை. செஸ் சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர் நாமக்கல்லிலிருந்து சைக்கிளில் வருவார். அடுக்கி அடுக்கியே எந்தக் காய் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்துபோனது. ஒரு நாள் ஒரு பிள்ளைக்கு எதிரே ஆள் இல்லை. "பாவாயி, உக்காருங்க" என்றார் மாஸ்டர். உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாஸ்டரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. லாரி புக்கிங் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்தவர். ஒல்லி. கோழிப்பண்ணை வாடை காற்றில் வந்தால் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாரே தவிர ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சின்னஞ்சிறு பிள்ளையைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பலகையில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் மூடி போட்ட பேனாவால் காட்டுவார். பிள்ளையின் காயைத் தன் விரலால் தொட்டதே இல்லை. பிள்ளை தப்பாக ஒரு காயை நகர்த்தினால் 'தப்பு' என்று சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "சரிங்க. அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' என்பதற்குப் பதில் தேடும்போதே பிள்ளைக்குத் தன் தப்பு தெரிந்துவிடும்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலை தோற்பது. படிக்க வந்த பிள்ளைகள் ஒன்றோடொன்று ஆடினால் ஒன்று அழும். அதனால் ஆரம்பப் பிள்ளைகள் எல்லோருக்கும் எதிரி நான். "வேணும்னு தோக்கக் கூடாதுங்க, பாவாயி. அவங்க வழியக் கண்டுபிடிச்சாத்தான் நீங்க தோக்கணும். வழி ஒண்ணு இருக்கற மாதிரி மட்டும் ஆடுங்க" என்றார். இது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு கதவை மட்டும் திறந்து வைத்து மற்ற எல்லாவற்றையும் சாத்த வேண்டும், அதுவும் பிள்ளைக்குத் தெரியாமல். பெரிய ஆட்டக்காரர்களோடு நான் ஆடியதில்லை, ஆடினால் ஜெயிக்கவும் மாட்டேன். ஆனால் என்னைத் தோற்கடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு யாரும் ஈடில்லை.

ராணியைக் கொடுக்கும் பாடத்தை மாஸ்டர் கடைசியில்தான் வைத்திருந்தார். காரணம் உண்டு. ராணியை வெட்டக் கொடுத்து ராஜாவை மடக்கலாம் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துவிடும். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு எல்லாப் பிள்ளையும் ராணியைத் தூக்கி எதிரி வாயில் வைக்கும். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். ராஜா பாட்டுக்குப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுவான்.

அதற்கு நான் ஒரு வழி செய்தேன். சமையல் கட்டிலிருந்து புளியங்கொட்டை எடுத்து வந்து ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் ஒரு கை வைப்பேன். எதிரி ராஜா தப்பி ஓடக்கூடிய கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை வைக்க வேண்டும். நம்முடைய காய் ஏதாவது அந்தக் கட்டத்தைக் காவல் காக்கிறதென்றால் அங்கே இருக்கும் கொட்டையை எடுத்துவிடலாம். கொட்டை மிச்சம் இருக்கிறவரை ராணி மேல் கை வைக்கக் கூடாது. மாஸ்டர் முதல் நாள் அதைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றாமலே, "நல்லாருக்குங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் அந்த ஒரு தடவைதான் கேட்டேன்.

இந்தப் பாடத்துக்குத்தான் சுகன்யா வந்து மாட்டினாள்.

பரமத்தி வேலூர்ப் பிள்ளை. அப்பா தங்கராசு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்கள். அம்மா படும் பாட்டைப் பிள்ளை பார்க்க வேண்டாம், படிப்பு கெட வேண்டாம் என்று நடுவருசத்தில் கொண்டுவந்து எங்கள் விடுதியில் விட்டுவிட்டார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அழுகிற பிள்ளைகளை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவள் அழவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். வார்டனிடம் கேட்டாள், பிரின்சிபாலிடம் கேட்டாள், போன் பேசும் நாளில் அப்பாவிடம் கேட்டாள். எல்லோரும் பரீட்சை முடியட்டும் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக என் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, சீக்கிரமா ஜெயிக்கறதுக்கு என்ன வழிங்க?"

"யாரைச் சாமி ஜெயிக்கணும்?"

"எங்கப்பாவ."

விட்டுவிட்டுப் போகும்போது தங்கராசு விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்: 'என்னைய ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு கண்ணு. அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கலாம்.' வெற்றிலை மண்டியில் ஏலம் தொடங்கும்வரை வியாபாரிகளோடு செஸ் ஆடுகிற ஆள் அவர். சின்ன வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் இவள். காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். அப்பா விளையாட்டுக்குச் சொன்னார் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பிடித்துக்கொள்ள அவளுக்கு அந்தச் சொல் ஒன்றுதான் இருந்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். "அவங்கப்பா எப்படி ஆடுவாருன்னு கேளுங்க" என்றார்.

அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அப்பா நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதற்கு முட்டுக் கொடுப்பார். உடனே மந்திரியைக் கொண்டுவந்து எதிரியின் குதிரையைக் கட்டிப் போடுவார். அதாவது, குதிரை நகர்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ராணி வெட்டுப்படும். மண்டியில் யாரோடு ஆடினாலும் இதைத்தான் செய்வாராம். எதை வைத்தாலும் வெட்டுவாராம், யோசிக்கவே மாட்டாராம்.

மாஸ்டர் பேனா மூடியால் பலகையில் காட்டினார். கட்டிப் போட்ட அந்தக் குதிரையையே எடுத்து நடுவில் நிற்கும் சிப்பாயை வெட்டு. ராணி போகும், போகட்டும். அவருடைய மந்திரி ராணியை வெட்டுகிற நேரத்தில் நம் மந்திரி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டி செக் சொல்லும். ராஜாவுக்கு முன்னால் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். அங்கே வந்ததும் நம் இன்னொரு குதிரை பாய்ந்து நிற்கும். மேட். ஒரு மந்திரி, இரண்டு குதிரை, ராணி இல்லை.

"அவரு ராணிய வெட்டாம அந்தக் குதிரைய வெட்டுனா?" என்று கேட்டாள் சுகன்யா.

"அப்போ உங்க ராணி அவரு மந்திரிய வெட்டிரும். நட்டமில்லீங்க" என்றார் மாஸ்டர். "ரெண்டு வழிதான். ரெண்டுலயும் நீங்க கீழ போக மாட்டீங்க."

அன்றிலிருந்து நான்தான் தங்கராசு. பள்ளி விட்டதும் தலைவாரும் நேரத்தில் வந்துவிடுவாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே ஆடுவோம்.

"ஆயா, எங்கப்பா இவ்வளவு நேரம் யோசிக்க மாட்டாருங்க."

"சரி, இந்தா."

"வெட்டறப்ப இப்படி மெதுவா எடுக்க மாட்டாரு. டொக்குன்னு கீழ போடுவாரு."

"உங்கப்பனுக்கு ரொம்பத்தான் திமிரு."

சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கொட்டையை வைப்பாள், எடுப்பாள். ராஜாவுக்கு முன்னால் ஒரே ஒரு கொட்டை நிற்கும். அதை விரலால் தொட்டுவிட்டுக் குதிரையை எடுப்பாள். கொஞ்ச நாளில் கொட்டை இல்லாமலே செய்யப் பழகினாள்.

பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு வந்தது. புங்க மரத்தடியில் சிமெண்டு பெஞ்சுகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். அங்கே நின்று பார்த்துக்கொள்வது ஆயாக்களின் வேலை. தங்கராசு வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஒரு பை. முகம் இளைத்திருந்தது. கொண்டு வந்த அதிரசத்தை அவள் தொடவில்லை. பலகையை விரித்துவிட்டாள்.

"அம்மா எப்படியிருக்கறாங்கப்பா?"

"நல்லா இருக்கறா. நீ படி."

"ஆடலாமுங்களா?"

"ஆடலாமே. நீ வெள்ளைய எடுத்துக்க கண்ணு."

"சொன்னது சொன்னதுதானுங்களே?"

"எதைச் சொன்னேன்? ஓ, அதா. சரி சரி, ஆடு."

பலகைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வாய் கிடையாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். இரும வந்தால்கூட எட்டப் போய்த்தான் இருமுவோம். நான் பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன்.

தங்கராசு அவள் சொன்னபடியே ஆடினார். நடுச் சிப்பாய், முட்டுச் சிப்பாய், அப்புறம் மந்திரி வந்து குதிரையைக் கட்டிப் போட்டது. அவள் அடுத்த குதிரையை வெளியே எடுத்தாள். அவர் ஓரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். அவள் கட்டிப் போட்டிருந்த குதிரையை எடுத்து நடுச் சிப்பாயை வெட்டினாள். வெட்டிய சிப்பாயைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கை ராணியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அவளைப் பார்த்தார். அவர் முகம் இளகிப்போனதை நான் பார்த்தேன்.

"ஐய, ராணியப் பாக்காம குதிரைய எடுத்துட்டயே கண்ணு" என்றார். பெஞ்சிலிருந்த தன் சிப்பாயை எடுத்து நடுவில் வைத்தார். அவளுடைய குதிரையைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். "வை வை. வேற ஆடு."

"பரவால்லீங்கப்பா. வெட்டுங்க."

"அட, பெத்த புள்ள ராணியப் புடுங்கி ஜெயிச்சு நான் என்ன பண்ணப் போறேன்."

"தொட்டது தொட்டதுதானுங்கப்பா. நீங்க வெட்டுங்க."

"மண்டியிலதான் அதெல்லாம். உங்கிட்ட என்ன சட்டம். ஆடு சாமி."

அவள் என்னைப் பார்த்தாள். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று, இந்தக் கதை தெரிந்த ஒன்றிரண்டு பேர் என்னிடம் சொன்னதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நான் சொல்லியிருந்தால் ஆயா வைத்த பொறி என்று சிரித்திருப்பார், ஆட்டத்தையே கலைத்திருப்பார். ஜெயிப்பு அவளுடையதாக இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. இன்னும் அழுத்திச் சொன்னால் பொறி வெளியே தெரிந்துவிடும் என்று அவளுக்கும் தெரிந்தது. வெட்டினால் ஒரு வழி, வெட்டாவிட்டால் ஒரு வழி என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். பாசத்தில் திருப்பி வைத்துவிடுவார் என்கிற மூன்றாவது வழிக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

அதற்கப்புறம் அவள் ஆடியது ஆட்டமே இல்லை. அவர்தான் ஜெயித்தார். "நல்லாத்தான் ஆடற. அடுத்த மாசம் பாக்கலாம்" என்று தலையைத் தடவிவிட்டு வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவள் காய்களைப் பெட்டியில் அடுக்கி என்னிடம் கொடுத்தாள். அதிரசப் பொட்டலத்தையும் என்னிடமே கொடுத்தாள்.

அடுத்த மாத ஞாயிறு வருவதற்குள் அவள் மாமா காரில் வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான்தான் போய்க் கூட்டிவந்தேன். "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல கண்ணு, பாத்துட்டு வந்துரலாம் வா" என்றார் மாமா. அவர் காலில் செருப்பு இல்லை. அவள் அதைப் பார்த்தாள்.

"எப்பங்க மாமா?" என்று கேட்டாள்.

அவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். உடுத்தியிருந்த யூனிபாரத்தோடு ஏறிப் போனாள். திரும்பி வரவில்லை. வேலூரிலேயே பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

அவளை அப்புறம் ஒரே ஒரு தடவை சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. "நல்லா இருக்கீங்களா ஆயா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வேலையைப் பற்றிச் சொன்னாள், ஃபேர்லேண்ட்ஸில் வீடு பார்த்திருப்பதைச் சொன்னாள், அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னாள். செஸ் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நந்தினி டீச்சர் கேட்டது இதை அல்ல. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று கேட்டார். அது இப்போது வருகிறது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் தங்கராசு பெட்டியையும் படுக்கையையும் எடுத்துப்போக வந்தார். மொட்டையடித்திருந்தார். நான் சாமான்களைக் கட்டி வைத்திருந்தேன். பெட்டியை எடுக்காமல் நின்றார்.

"ஏனுங்க, நீங்கதானே எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது?"

"ஆமாங்க."

"'நீங்க வெட்டியிருந்தா நான் ஊட்டுக்கு வந்திருப்பேனுங்கப்பா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசறதில்லீங்க. அவ என்ன சொல்றான்னு எனக்குப் புரியல. அன்னைக்கு ஆட்டத்தக் காட்டுங்க."

காட்டலாமா என்று யோசித்தேன். மாஸ்டர் இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன், அன்று வார நாள். தங்கராசு கேட்டுவிட்டார், அது அவருடைய ஆட்டம். பலகையை எடுத்துவந்து பெட்டியின் மேலேயே வைத்து அடுக்கினேன். அன்று நின்ற இடத்தில் எல்லாக் காயும் நின்றன. குதிரையால் சிப்பாயை வெட்டினேன்.

"இப்ப வெட்டுங்க."

மந்திரியால் ராணியை வெட்டினார். டொக்கென்று கீழே போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். நான் என் மந்திரியால் செக் வைத்தேன். இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து ராஜாவுக்கு முன்னால் இருந்த கட்டத்தில் வைத்தேன். "அங்க ஒண்ணுதாங்க போக முடியும்." அவர் கொட்டையை ஒதுக்கி ராஜாவை அங்கே வைத்தார். நான் இன்னொரு குதிரையை எடுத்து வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். அந்தப் பக்கம் தேடினார், இந்தப் பக்கம் தேடினார். ஆட்டம் தெரிந்த மனுசன், சீக்கிரமே தேடுவதை நிறுத்தினார்.

"சொன்ன சொல்லுங்க. ஜெயிச்சிருந்தா கூட்டிட்டுத்தான் போயிருப்பேன்" என்றார். நான் கேட்காத கேள்விக்குச் சொன்னார். "அவங்கம்மா அப்ப பேசிட்டுத்தான் இருந்தா."

பிறகு கையிலிருந்த ராணியைக் கொண்டுவந்து, அது முதலில் நின்ற கட்டத்தில் வைக்கப் போனார். அங்கே அவருடைய மந்திரி நின்றது. அதைத் தூக்கிவிட்டு ராணியை வைத்தார். என் குதிரையை எடுத்தார், பழைய இடத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு காயாக அன்றைக்குப் போகப் பார்க்கிறார் என்று புரிந்தது.

நான் அவர் கை மேல் என் கையை வைத்தேன்.

"வேண்டாமுங்க. திருப்பித் தரக் கூடாதுங்க" என்றேன்.

அவர் ராணியை எடுத்துப் பலகைக்கு வெளியே, வெட்டுப்பட்ட காய்களோடு படுக்க வைத்தார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படுக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிங்க. அப்புறம்?" என்றார். "அப்புறம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார். எதிரே இருப்பவருக்குக் கை கொடுக்கச் சொன்னார். அந்தச் சொல்லை முதல் தடவை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். லீவுக்கு வீட்டுக்குப் போய் அப்பாவோடு ஆடினாலும் சொல்லிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்றார். அவர் காலத்துக்குப் பிறகு நான் சொல்ல வைத்தேன்.

பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும். சிரித்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் மட்டும் முதல் சிப்பாயைத் தொட விட்டதில்லை.